ஊர்ச் சிக்கலை இளையோரிடம் ஒப்படைப்பது எப்படி? கிராம சபையை மையமாக வைத்த ஓராண்டு வழிகாட்டி

திருவிழா வந்தால் பந்தல் கட்டவும், வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம் சுமக்கவும், ஏரிக்கரை உடைந்தால் மணல் மூட்டை அடுக்கவும் ஊர் இளைஞர்களைத்தான் கூப்பிடுகிறோம். எந்தத் தெருவுக்கு முதலில் குழாய் போடுவது, வந்த பணத்தை எதில் செலவிடுவது என்று முடிவெடுக்கும் இடத்திற்கு மட்டும் அவர்களை யாரும் அழைப்பதில்லை. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் கைஃபா என்ற அமைப்பாகத் திரண்டு, அடுத்த ஆண்டே 500 ஏக்கருக்கும் மேற்பட்ட பெரிய குளத்தைத் தூர்வாரி முடித்தார்கள். அங்கே உழைப்பு மட்டும் அவர்களுடையதாக இருக்கவில்லை. எதைச் செய்வது, பணத்தை எப்படித் திரட்டுவது, எந்த வேலையை முதலில் முடிப்பது என்ற தீர்மானங்களும் அவர்களுடையவையாகவே இருந்தன.

இந்த வழிகாட்டி பள்ளி ஆசிரியர்கள், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், நூலக வாசகர் வட்டத்தினர், வார்டு உறுப்பினர்கள் ஆகியோருக்காகவும், தங்கள் ஊரில் இளையோர் குழு ஒன்றைத் தொடங்க நினைக்கும் எவருக்காகவும் எழுதப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி ஒன்றையும், குடிநீர் என்ற ஒரே சிக்கலையும் எடுத்துக்கொண்டு, ஜூன் மாதப் பள்ளித் திறப்பிலிருந்து மறு ஆண்டுப் பொதுத்தேர்வு வரை என்னென்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

பெரியவர்கள் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியவை

குழந்தைகளின் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் எட்டுப் படிகள் கொண்ட ஏணி ஒன்றை வரைந்து காட்டினார். ஏமாற்றிப் பயன்படுத்துதல், அலங்காரத்துக்கு நிறுத்துதல், பெயருக்குச் சேர்த்தல் ஆகிய கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஏற்கவில்லை. பதாகை பிடித்து ஊர்வலம் போகும் மாணவரும், அதிகாரி வரும் நாளில் வரவேற்புரை ஒப்பிக்கும் மாணவியும் இந்த மூன்று படிகளைத் தாண்டுவதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

ஆகவே, குழுவைக் கூட்டுவதற்கு முன்பே எந்த முடிவுகள் முழுக்க இளையோருடையவை, எவற்றைப் பெரியவர்களோடு சேர்ந்து எடுக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எந்தச் சிக்கலை எடுப்பது, எப்படி அளப்பது, கிராம சபையில் யார் பேசுவது ஆகிய மூன்றும் அவர்களுடையவையாக இருக்கட்டும். பாதுகாப்பு, பணம், கையெழுத்திடும் சட்டப் பொறுப்பு ஆகியவற்றில் வயது வந்தவர்கள் உடன் நிற்க வேண்டும். குழு தேர்ந்தெடுக்கும் சிக்கல் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நீங்கள் நூலகத்தை நினைத்திருக்க, அவர்கள் மைதானத்தைக் கேட்கலாம். அந்த இடத்தில் உங்கள் விருப்பத்தைத் திணித்துவிட்டால், அதற்குப் பின் நடப்பது பழைய ஏற்பாட்டின் இன்னொரு வடிவமாகத்தான் இருக்கும்.

குழுவில் யார் யார்

பத்து முதல் பதினைந்து பேர் போதும். அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்துவிட்டு வருபவர்களைச் சேர்த்துக்கொண்டால், ஏற்கெனவே எல்லாப் போட்டியிலும் பரிசு வாங்கும் பிள்ளைகளும், ஒரே தெருவைச் சேர்ந்த நண்பர்களும்தான் வருவார்கள். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்டிலிருந்தும், குறிப்பாக ஊருக்கு வெளியே இருக்கும் காலனித் தெருவிலிருந்தும், குறைந்தது இருவரை வீடு தேடிப் போய் அழையுங்கள். பத்தாம் வகுப்போடு நின்று ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யும் பையனும், பஞ்சாலை வேனில் போய் வரும் பெண்ணும் இந்தக் குழுவுக்கு மிகவும் தேவையானவர்கள். பம்ப்செட் ஏன் நின்றுபோகிறது என்பது முன்னவருக்கும், விடியற்காலை எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்பது பின்னவருக்கும் தெரியும்.

பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று விதி வைப்பது எளிது. அதை நடைமுறையில் காப்பாற்றுவது கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. இரவு எட்டு மணிக்கு டீக்கடை பெஞ்சில் கூடினால் ஒரு பெண்ணும் வரமாட்டார். கோயில் மண்டபத்தில் கூடினால் சில தெருப் பிள்ளைகள் வாசலோடு நின்றுவிடக்கூடும். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளி வளாகத்திலோ கூடுவது பெரும்பாலான ஊர்களில் சரியாக வரும். பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு ஆசிரியையோ அங்கன்வாடிப் பணியாளரோ நேரில் போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வயது பதினைந்து முதல் இருபத்தைந்து வரை கலந்திருப்பது நல்லது. அரசியல் சாசனப்படி கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் சேர்ந்த அவை. ஆகவே பதினெட்டு நிரம்பியவர்களே அதன் உறுப்பினர்கள். இளையவர்களுக்கு வேறு வாசல்கள் உண்டு. ஊராட்சித் தலைவர் தலைமையில் இயங்கும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் குழந்தைகளின் பிரதிநிதிகள் இருவருக்கு இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2024இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்டபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். இந்த இடங்கள் உங்கள் ஊரில் யாருடைய பெயரால் நிரப்பப்பட்டிருக்கின்றன என்று கேட்டுப் பார்ப்பதே குழுவின் முதல் களப்பணியாக இருக்கலாம்.

பாதுகாப்பு விதிகளை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் மேல்நிலைத் தொட்டியில் ஏறக்கூடாது, கிணற்றிலும் குளத்திலும் இறங்கக்கூடாது, சாக்கடையை யாரும் கையால் அள்ளக்கூடாது. தகவல் கேட்டு அனுப்பும் மனுவிலும் புகாரிலும் சிறுவர்கள் கையெழுத்திடக்கூடாது. பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் சமூக ஊடகத்தில் வரக்கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098 அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிக்கலைத் தேர்ந்தெடுத்தல்

குழு முழுவதும் சேர்ந்து ஊரை மூன்று வெவ்வேறு நேரங்களில் நடந்து பார்க்க வேண்டும்: விடியற்காலை, பள்ளி விடும் நேரம், இரவு. விடியற்காலையில் குழாயடியும், மாலையில் பேருந்து நிறுத்தமும், இரவில் எரியாத தெருவிளக்கும் கண்ணில் படும். கண்டவற்றையெல்லாம் ஒரு சார்ட் தாளில் எழுதி, வரைபடத்தில் குறித்த பிறகு, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இரண்டை எடுக்கும் குழு பெரும்பாலும் இரண்டையும் பாதியில் விடும்.

தேர்வு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அது ஊராட்சியின் அதிகாரத்துக்குள் வருகிறதா? ஓராண்டுக்குள் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வருமா? ஒன்றுக்கு மேற்பட்ட தெருக்களுக்குப் பயன் உண்டா? இவற்றில் முதல் கேள்விதான் பலரைத் தடுக்கி விழச் செய்வது. ஊரில் உள்ள நீர்நிலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஊருணியும் குட்டையும் பெரும்பாலும் கிராம ஊராட்சிக்கும், கோயில் குளம் அறநிலையத் துறைக்கும் உரியவை. ஏரி யாருடையது என்று தெரியாமல் ஊராட்சித் தலைவரிடம் ஆறு மாதம் மனுக் கொடுத்துக்கொண்டிருந்த ஊர்கள் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி, எந்த நிலம் யாருடையது என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். யாருடையது என்று தெரிந்தாலும் அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண்ணைக்கூட எடுக்கக்கூடாது; வண்டல் மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் வகையில் 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டிருக்கிறது.

குடிநீர் முதல் முயற்சிக்கு ஏற்றது. ஊராட்சியின் நேரடிக் கடமை அது. அளந்து பார்க்க முடியும். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் வேலை பெரும்பாலும் இந்த வயதுப் பெண் பிள்ளைகளின் தலையிலேயே விழுவதால் சிக்கலின் உள்விவரம் அவர்களுக்கே அத்துப்படி.

அளந்து பார்த்தல்: குடமும் கடிகாரமும்

"எங்கள் தெருவில் தண்ணீரே வருவதில்லை" என்ற வாக்கியத்தை ஊராட்சி அலுவலகம் ஆண்டுதோறும் கேட்டுப் பழகிவிட்டது. "கடைசித் தெருவின் ஆறாவது குழாயில், பதினான்கு நாள்களில் ஒன்பது நாள்கள், ஒரு குடம் நிரம்ப எட்டு நிமிடத்துக்கு மேல் ஆனது" என்ற வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது கடினம். இளையோர் குழுவின் பலம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

செய்முறை எளிது. தொட்டிக்கு அருகே உள்ள ஒரு குழாய், நடுவில் ஒன்று, குழாய்ப் பாதையின் கடைக்கோடியில் ஒன்று என ஒவ்வொரு பாதையிலும் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் குடங்களை எடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி அவற்றின் கொள்ளளவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தினமும் தண்ணீர் வரத் தொடங்கும் நேரம், நிற்கும் நேரம், ஒரு குடம் நிரம்ப ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் கைபேசிக் கடிகாரத்தில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டு வாரம் இடைவிடாமல் எழுதினால் போதும். மின்தடை இருந்த நாளையும், திருமணமோ திருவிழாவோ நடந்த நாளையும் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால், "அன்றைக்குக் கரண்ட் இல்லை" என்ற ஒரே பதிலில் முழு நோட்டும் அடிபட்டுப் போகும்.

இந்த எண்களை எதனோடு ஒப்பிடுவது? ஊரகப் பகுதிகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது, வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் ஒன்றிய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். ஒரு குடம் நிரம்ப மூன்று நிமிடம் ஆகும் குழாயில் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் தண்ணீர் வந்தாக வேண்டும். அந்தக் குழாயை எத்தனை வீடுகள் நம்பியிருக்கின்றன என்று எண்ணிப் பெருக்கிப் பார்க்கும்போது, கணக்குப் பாடத்தில் ஆர்வமில்லாத பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவதைக் காணலாம்.

தண்ணீரின் தரத்தையும் பார்க்க வேண்டும். ஊராட்சியிடமோ வட்டாரச் சுகாதார ஆய்வாளரிடமோ குளோரோஸ்கோப் என்ற சிறிய பெட்டி இருக்கும். அதிலுள்ள கண்ணாடிக் குழாயில் குழாய்த் தண்ணீரைக் கோடு வரை பிடித்து, மருந்துத் துளிகளை விட்டவுடன், தண்ணீரில் குளோரின் இருந்தால் வெளிர் மஞ்சள் நிறம் வரும். பெட்டியில் உள்ள நிற அட்டையோடு அதை உடனே ஒப்பிட வேண்டும். குளோரின் சேர்த்த தண்ணீரில், கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. நிறமே மாறாமல் இருந்தால் மருந்து கலக்கவில்லை, அல்லது வரும் வழியிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள். சோதித்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேருக்கு, முடிந்தவரை பெண்களுக்கு, தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஐவர் உங்கள் ஊரில் யார் என்று கேளுங்கள். ஒருவரும் இல்லையென்றால், குழுவில் உள்ள பதினெட்டு வயதைக் கடந்த பெண்களின் பெயர்களைக் கொடுங்கள்.

கல்லூரி மாணவர்கள் இந்த வேலையை நாட்டு நலப்பணித் திட்டத்தின் கணக்கிலேயே செய்யலாம். 1969இல் தொடங்கிய அத்திட்டத்தில் மாணவர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணிபுரிய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த ஏழு நாளும் கோயில் வளாகத்தில் புல் செதுக்கிவிட்டுத் திரும்பும் முகாம்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

காரணத்தைத் தேடும்போது வரும் சங்கடம்

அளவுகள் கைக்கு வந்ததும் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் தொட்டி இயக்குபவர். குறைந்த சம்பளத்தில், இரண்டு மூன்று தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு, ஊரார் அனைவரிடமும் திட்டு வாங்கும் மனிதர் அவர். குற்றம் சாட்டும் தொனியில் போனால் வாய் திறக்கமாட்டார். "அண்ணே, எந்த வால்வை எத்தனை மணிக்குத் திறக்கிறீங்கன்னு எங்களுக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு காலைப்பொழுது அவர் பின்னால் நடந்தால், எந்த இடத்தில் குழாய் உடைந்திருக்கிறது, எந்த வால்வு சுழல மறுக்கிறது, ஆழ்துளைக் கிணற்றில் நீர் எந்த மாதத்தில் இறங்குகிறது என்று பொறியாளருக்கும் தெரியாத விவரங்களைச் சொல்லிவிடுவார்.

அவர் சொல்லத் தயங்கும் ஒரு விவரமும் இருக்கும். கடைக்கோடித் தெருவுக்குத் தண்ணீர் போகாததற்கு, மேல்தெரு வீடுகளில் இணைப்புக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது பல ஊர்களில் முக்கியக் காரணம். அந்த வீடுகளில் ஒன்றிரண்டு, குழுவில் இருக்கும் பிள்ளைகளின் சொந்த வீடாகவே இருக்கும். இந்தக் கட்டத்தில்தான் பல குழுக்கள் சத்தமில்லாமல் கலைந்து போகின்றன.

இதைக் கையாள நடைமுறையில் பலன் தரும் வழி, வீட்டின் பெயரைச் சொல்லாமல் பாதையின் அளவை மட்டும் பேசுவதாகும். முதல் குழாயிலும் கடைசிக் குழாயிலும் நிரம்பும் நேரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, தெருவார்களின் சம்மதத்தோடு ஒரு வாரம் மோட்டார் போடாமல் இருந்து மீண்டும் அளந்து காட்டுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்த பிறகு முறைவைத்துத் தண்ணீர் விடுவதையோ, இடையில் தனி கேட் வால்வு பொருத்துவதையோ பேசுவது எளிதாகிறது. யார் வீட்டில் மோட்டார் இருக்கிறது என்று கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது மறுநாளே சண்டையில் முடியும். பிறகு அந்தப் பிள்ளைகளை எந்த வீட்டிலும் வெளியே விடமாட்டார்கள்.

குடிநீரில் சாதி இருக்கிறது என்பதையும் பெரியவர்கள் மறைக்கக்கூடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சமூக மக்கள் பயன்படுத்திய மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்ததை நாடே அறியும். காலனித் தெருவின் குழாய் எப்போதும் பாதையின் கடைசியில் இருப்பது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். "அதெல்லாம் இப்போது வேண்டாம்" என்று சொன்னால், அந்தத் தெருப் பிள்ளைகள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.

ஆவணங்களைப் படித்தல்

ஊராட்சியிடம் பணமே இல்லை என்ற பதில் உறுதியாக வரும். அதற்கு முன்பே கணக்கைப் படித்திருக்க வேண்டும். ஒவ்வொரு கிராம சபையிலும் படிவம் 30இல் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட வேண்டும். அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டமும் செலவுப் பதிவுகளும் தெரியும். 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டு போகும் குழுவிடம், பணமில்லை என்ற பதிலை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இணையத்தில் கிடைக்காதவற்றுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, குழுவில் உள்ள வயது வந்த ஒருவர் பெயரில், பதிவுத் தபாலில் அனுப்பலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பின் 90 நாள்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஐந்து நாள்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது. "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காமல், "கடந்த இரு நிதியாண்டுகளில் குடிநீர்ப் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகைக்கான பட்டியல் நகல்" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்பதே முறை. மனு அனுப்பியவரின் பெயர் ஊரில் கசிந்தால் மிரட்டல் வரக்கூடும் என்பதால், நேரில் கேட்டுக் கிடைக்கும் தகவலுக்கு இந்தச் சட்டத்தை எடுக்காதீர்கள்.

கிராம சபையில்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மார்ச் 22உம் நவம்பர் 1உம் 2022இல் சேர்க்கப்பட்டவை. ஜூனில் குழு அமைத்தால் ஆகஸ்ட் 15 சபைக்குப் பார்வையாளர்களாகப் போய் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், எந்தத் தீர்மானம் விவாதமில்லாமல் நிறைவேறுகிறது என்று குறித்துக்கொண்டு வரட்டும். செப்டம்பரில் அளவெடுப்பு. அக்டோபர் 2இல் கோரிக்கை. மார்ச்சில் பொதுத்தேர்வு இருப்பதால், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று நடக்கும் சபையில் பள்ளி மாணவர்களை நம்பியிருக்க முடியாது; அதைக் கல்லூரி மாணவர்களும் வேலைக்குப் போகும் இளைஞர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலரின் பொறுப்பில் சபை நடக்கும். கோரிக்கை வைக்கும் முறை மாறாது.

கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு உண்டு. 500 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 வாக்காளர்கள் வந்திருக்க வேண்டும். ஆகவே குழுவின் பெரிய வேலை, அந்த நாளில் அம்மா, அத்தை, சித்தப்பா என்று தத்தம் தெருவினரை அழைத்துவந்து உட்கார வைப்பது. மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவியிடம் முந்தைய வாரமே பேசிவிட்டால் பாதிக் கூட்டம் உறுதி.

கோரிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. மாதிரிக்கு ஒன்று:

"பெறுநர்: தலைவர், கிராம சபை. பொருள்: நான்காவது வார்டு, கடைசித் தெருவுக்குத் தனி வால்வு அமைத்தல். மேற்படித் தெருவில் 42 வீடுகள் உள்ளன. செப்டம்பர் மாதம் 14 நாள்கள் நாங்கள் எடுத்த அளவின்படி, தொட்டி அருகே உள்ள குழாயில் ஒரு குடம் நிரம்பச் சராசரியாக ஒரு நிமிடமும், கடைசிக் குழாயில் எட்டு நிமிடமும் ஆகின்றன. அளவுப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. பாதையின் நடுவே கேட் வால்வு அமைத்து, இரு பகுதிகளுக்கும் முறைவைத்துத் தண்ணீர் வழங்கவும், இப்பணியைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்கவும் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

மேலே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காகவே. உங்கள் நோட்டில் உள்ளவற்றை எழுதுங்கள். "ஆவன செய்ய வேண்டும்" என்று முடிக்காமல், என்ன வேலை, எந்த இடத்தில், எந்தத் திட்டத்தில் என்று முடிப்பதைக் கவனியுங்கள்.

பேசப்போகிறவர் இரண்டு முறையாவது குழுவுக்கு முன் பேசிப் பழக வேண்டும். "உனக்கு என்ன வயசு, இதெல்லாம் பெரியவங்க பார்த்துக்குவாங்க" என்று ஒருவர் எழுந்து சொல்வார் என்பதை எதிர்பார்த்து, ஒருவரை அப்படியே நடிக்கச் சொல்லி ஒத்திகை பாருங்கள். "சரிங்க ஐயா, நீங்க பார்த்துக்குங்க, இந்தக் கணக்கை மட்டும் ஒருமுறை பாருங்க" என்று தாளை நீட்டும் பதில், கோபப்படும் பதிலைவிட அதிகம் சாதிக்கும். பதினெட்டு நிரம்பாத பெண் அளவெடுத்திருந்தால், தலைவரின் அனுமதி கேட்டு அவரையே விளக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை முன்மொழிவதும் கையெழுத்திடுவதும் வாக்காளர்களின் வேலை.

தீர்மானம் வாயளவில் நிறைவேறினால் போதாது. தீர்மானப் பதிவேட்டில் எழுதிய வாசகத்தை அங்கேயே படித்துப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு நகல் கேட்டு வாங்க வேண்டும். வருகைக் கையெழுத்தைக் கூட்டம் தொடங்கும்போதே வாங்கிவிட்டு, பக்கத்தை வெறுமையாக விட்டுச் செல்லும் பழக்கம் இருக்கும் இடத்தில் இந்த ஒரு வேலைக்காகவே இருவர் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

தீர்மானத்துக்குப் பிறகு

அக்டோபரில் நிறைவேறிய தீர்மானம் ஜனவரி 26 சபைக்குள் எங்கே நிற்கிறது என்பதை ஊராட்சிச் செயலரிடம் மாதம் ஒருமுறை போய்க் கேட்க வேண்டும். அசையவில்லை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கு மேல் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் உதவி எண் 1100 என்று வரிசையாகப் போகலாம். ஒவ்வொரு மனுவிலும் தீர்மான எண்ணையும் நாளையும் குறிப்பிடுங்கள். தனி மனிதரின் புகாரும் கிராம சபையின் தீர்மானமும் ஒரே எடையுடையவை அல்ல.

ஊரிலிருந்து ஒரு பகுதித் தொகை திரட்ட முடிந்தால் நமக்கு நாமே திட்டமும் வழி. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் பங்களிப்பாகச் செலுத்த வேண்டியிருக்கும். ஆனால் ஊராட்சி தன் கடமையாகச் செய்ய வேண்டிய குடிநீர்ப் பராமரிப்புக்கு இளையோரை உண்டியல் ஏந்த வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தத் திட்டத்தை விளையாட்டு மைதானத்துக்கோ நூலகக் கட்டடத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். பணம் கையில் வரும் நாளிலிருந்து இரண்டு பேர் கையெழுத்தும், மாதக் கணக்கை நூலகச் சுவரில் ஒட்டும் பழக்கமும் கட்டாயம்.

வேலை முடிந்த பிறகு அதே குடங்களோடு, அதே குழாய்களில், மீண்டும் இரண்டு வாரம் அளக்க வேண்டும். வால்வு பொருத்தியும் கடைசிக் குழாயில் நேரம் குறையவில்லை என்றால், அதை மறைக்காமல் அடுத்த சபையில் சொல்லி, குழாயின் விட்டம் போதாதா, நடுவில் கசிவா என்று அடுத்த காரணத்தைத் தேட வேண்டும்.

கைமாற்றம்

இந்த வயதினர் ஊரில் நிலைத்திருப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுவார்கள். பெண்களுக்குத் திருமணம் ஆகிவிடும். எனவே மே மாதத்தில், பழைய குழு கலைவதற்கு முன்பே, ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஐந்தாறு பேரைச் சேர்த்து, அளவு நோட்டு, வால்வுகளைக் குறித்த வரைபடம், தீர்மான நகல்கள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு நூலகத்தில் வைக்க வேண்டும். வெளியூர் போனவர்கள் ஆகஸ்ட் 15க்கும் பொங்கல் விடுமுறைக்கும் ஊருக்கு வருவார்கள். ஜனவரி 26 சபை வரை தங்க முடிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையைப் பிரித்துக்கொடுங்கள்.

ஊராட்சித் தேர்தலில் போட்டியிடக் குறைந்தபட்ச வயது 21. 2021இல் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பெண் ஒருவர் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குழுவில் இருபதைக் கடந்தவர்களிடம் இந்தச் செய்தியைச் சொல்லி, அடுத்த வாக்காளர் பட்டியல் திருத்த முகாமில் பதினெட்டு நிரம்பிய அனைவரின் பெயரையும் சேர்க்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.